தாத்தாவின் ரம்பப் பட்டறையை மறுபடி ஓட்டலாமா? (30 இஞ்ச் வட்ட ரம்பம், ஆயில் எஞ்சின்)

தென்காசிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். செங்கோட்டை பக்கம் எங்க பழைய வீட்டுக்குப் பின்னால தாத்தா ஒரு சின்ன சாமில் வச்சிருந்தார். 30 இஞ்ச் வட்ட ரம்பம், வார்ப்பிரும்பு மேசை, தண்டவாளத்துல ஓடுற தள்ளுவண்டி, ரெட்டை சிலிண்டர் 16 குதிரை ஆயில் எஞ்சின், ரெண்டுக்கும் நடுவுல பட்டை பெல்ட். அவ்வளவுதான் மொத்த மில்லும். அவர் போன பிறகு யாரும் தொடலை. கொட்டகை ஓடு மட்டும் மாத்தியிருக்கோம்.

இப்போ காத்துக்கு விழுந்த ரெண்டு பலா தோட்டத்துல கிடக்கு. வெட்ட வேண்டிய தேக்கும் ஒண்ணு நிக்குது. வீட்டுக்குக் கதவு, நிலை, கூரைச் சட்டம் எல்லாம் தேவை. நம்ம மரத்தை நம்ம பட்டறையிலேயே அறுத்தா என்னன்னு ஒரு ஆசை.

எஞ்சின் கையால சுத்தினா சுத்துது. ரம்பத் தண்டு ஒரு பக்கம் இறுகி நிக்குது. பிளேடு துரு, பல் மழுங்கல். எதுல ஆரம்பிக்கணும்? எஞ்சினா, தண்டா, பிளேடா?

மோட்டார்மணி

தப்பா நினைக்காதீங்க. எஞ்சினைக் காயலான் கடையில எடைக்குப் போடுங்க. மும்முனை இணைப்பு இருந்தா 15 குதிரை மோட்டார் போதும். பட்டன் தட்டினா ஓடும். புகை இல்லை, ஹேண்டில் சுத்தி மணிக்கட்டை உடைச்சுக்க வேண்டியதில்லை.

இன்னும் சொன்னா, வட்ட ரம்பமே வேண்டாம். அந்த பிளேடு ஒவ்வொரு அறுப்புக்கும் ஐஞ்சு மில்லிக்கு மேல தின்னும். ஒரு இஞ்ச் பலகை அறுத்தா நாலைஞ்சு பலகைக்கு ஒரு பலகை தூளாப் போகுது. பேண்ட்சா (நாடா ரம்பம்) ரெண்டு ரெண்டரை மில்லிதான் தின்னும். பத்துப் பலகைக்கு ஒண்ணுதான் நட்டம். தேக்கு விலைக்கு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

ஓய்வுபெற்றவன்

இயந்திரம் இருக்கட்டும், முதலில் உரிமம் இருக்கிறதா என்று சொல்லுங்கள். சொந்த மரம், சொந்த உபயோகம் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் உருட்டு மரத்தை எஞ்சின் வைத்து அறுக்கும் இடம் எதுவானாலும் சட்டத்தின் கண்ணில் அது அறுவை ஆலைதான். காடுகளைக் காப்பது தொடர்பான கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவிலிருந்தே கெடுபிடி ஆரம்பித்துவிட்டது. 2002இல் புது அறுவை மில்களுக்கு இன்னும் இறுக்கினார்கள். 2016இல் மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் வந்த பிறகு மாநில அளவிலான குழுதான் இதையெல்லாம் முடிவு செய்கிறது. உங்கள் ஊர் மலையடிவாரம். அங்கே புதிதாக உரிமம் வாங்குவது குதிரைக்கொம்பு.

தாத்தா பெயரில் பழைய உரிமம் இருந்து, யாராவது விடாமல் புதுப்பித்து வந்திருந்தால் கதையே வேறு. பீரோவைத் தேடுங்கள்.

தென்காசிக்காரன்

பீரோவுல இருக்கு ஐயா. சித்தப்பா வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிச்சிருக்கார். மில் ஓடலைன்னாலும் விடலை. ஏன்னு கேட்டா, "விட்டா திரும்ப வராதுடே"ன்னார்.

ஓய்வுபெற்றவன்

உங்கள் சித்தப்பா விவரமானவர். பெயர் மாற்றத்துக்கு வாரிசுச் சான்றோடு வன அலுவலகத்துக்குப் போங்கள். அது கையில் வரும் வரை பழுது பாருங்கள், எண்ணெய் போடுங்கள், மரத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். தேக்கை வெட்டுவதற்கும் தனி அனுமதி. வெளியூருக்குக் கொண்டு போவதானால் 1968ஆம் வருட மரப் போக்குவரத்து விதிகளின்படி பாஸ். பட்டா நகலைக் கையோடு வைத்திருங்கள்.

கோவை_லேத்

நல்லது, சட்டம் முடிஞ்சுது, இரும்புக்கு வருவோம்.

தண்டு இறுகியிருக்குன்னா சுத்தியல் எடுக்காதீங்க. அந்தக் காலத்து ரம்பத் தண்டுல பால்பேரிங் இருக்காது, ஒயிட்மெட்டல்தான் (இரும்பு ஓட்டுக்குள்ள வார்த்த ஈயக் கலவை) இருக்கும். மூடியைக் கழட்டிப் பாருங்க. பழைய கிரீஸ் மரத்தூளோட சேர்ந்து கட்டியா நிக்கும். டீசல் விட்டு ஊறப் போட்டா பாதிக்குப் பாதி தானா இளகும்.

தண்டு வெளிய வந்ததும் ஒயிட்மெட்டலைப் பாருங்க. வெடிப்பு இருந்தாலோ, ஓட்டுல இருந்து பிரிஞ்சு வந்தாலோ மறுவார்ப்புதான். வார்க்கிற விதம் சொல்றேன். தண்டை மண்ணெண்ணெய் விளக்குப் புகையில காட்டி முழுசா கரி ஏத்திக்குங்க, அப்பதான் ஈயம் தண்டுல ஒட்டாது. அந்த இரும்பு ஓட்டையும் நல்லா சூடாக்குங்க. பச்சைத் தண்ணி ஒரு சொட்டு உள்ள இருந்தாலும் ஈயம் முகத்துக்குத் தெறிக்கும், அதனால சூடாக்கிக் காய வைக்கிறதுல சோம்பேறித்தனம் வேண்டாம். உருக்கின ஈயத்துல ஒரு மரக்குச்சியை விட்டுப் பாருங்க. குச்சி பழுத்துக் கருகணும், தீப்பிடிக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் களிமண் வச்சு அடைச்சுட்டு ஒரே மூச்சுல ஊத்துங்க. நிறுத்தி ஊத்தினா நடுவுல மடிப்பு விழும்.

ஆறினதும் தண்டுல நீலம் தடவி உக்கார வச்சுச் சுத்துங்க. நீலம் எங்க ஒட்டுதோ அது மேடு, அதை ஸ்கிராப்பரால சீவுங்க. முக்கால் பாகம் நீலம் படியிற வரைக்கும் இதே வேலை. தண்டோட ஒரு இஞ்ச் விட்டத்துக்கு ஆயிரத்தில் ஒரு இஞ்ச் இடைவெளி போதும்.

இவ்வளவு பொறுமை இல்லேன்னா பிளம்மர் பிளாக் (பேரிங்கோட வர்ற ரெடிமேட் கூடு) ரெண்டு வாங்கி மாட்டிடுங்க. யாரும் உங்களை ஒண்ணும் சொல்லப் போறதில்லை. நான் சொல்லுவேன், ஆனா காதுல போட்டுக்காதீங்க.

மோட்டார்மணி

பிளம்மர் பிளாக்னு சொன்னதுக்கு நன்றி. கூடவே மோட்டாரையும் போட்டுட்டா வேலை முடிஞ்சுது.

வாள்காரர்மகன்

எஞ்சினா மோட்டாரான்னு சண்டை நடக்குது, வாளை, அதான் ரம்ப பிளேடைப் பத்தி யாரும் வாயே திறக்கலை. எங்கப்பா முப்பது வருஷத்துக்கு மேல மில்லு மில்லா போய் வாள் அடிச்சவர். சொல்றதைக் கேளுங்க தம்பி. எஞ்சினை எழுப்புறது ஒரு நல்ல மெக்கானிக்குக்கு ஞாயித்துக்கிழமை வேலை. மரம் நேரா அறுக்கிறதும் கோணலா அறுக்கிறதும் வாள் கையில இருக்கு.

வட்ட வாள்னா தட்டையான தகடுன்னு நினைக்கிறாங்க. அப்படி இல்லை. வேகமா சுத்தும்போது ஓரம்தான் அதிகமா இழுபடும், அறுப்புச் சூட்டுல விரியிறதும் ஓரம்தான். வெறும் தட்டையா இருந்தா ஓரம் நீண்டு அலையடிக்கும், அறுப்பு பாம்பு மாதிரி போகும். அதனால வாள் ஆசாரி நடுப்பகுதியைச் சுத்தியால அடிச்சு முன்கூட்டியே கொஞ்சம் தளர்த்தி வைப்பார். ஓடாதப்போ வாள் லேசா தொய்வா இருக்கும். உரிய வேகம் வந்ததும் ஓரம் இழுத்து, நடு விறைச்சு, தகடு நேரா நிக்கும்.

வீட்டுல சோதிக்கிறது எப்படின்னா, வாளைக் கழட்டி நிமிர்த்திப் பிடிங்க. மேல் விளிம்பை உங்க பக்கம் லேசா சாய்ச்சு, நேர்கோல் ஒண்ணைக் குறுக்கா வச்சு வெளிச்சத்துல பாருங்க. நடுவுல கோலுக்கும் தகட்டுக்கும் இடையில சீரான வெளிச்சக் கீத்து தெரியணும். சுத்தி நாலஞ்சு இடத்துல பாருங்க, ஒரே அளவா இருந்தா தளர்வு மிச்சம் இருக்கு. ஒரு இடத்துல கீத்து, ஒரு இடத்துல ஒட்டல்னா அடிக்கணும். அதை நீங்க செய்யாதீங்க.

முக்கியமானது: வாள் ஆசாரி முதல்ல கேக்கிறது "நிமிஷத்துக்கு எத்தனை சுத்து?"ன்னுதான். ஒவ்வொரு வாளும் ஒரு வேகத்துக்குன்னு அடிச்சது. உங்க புல்லி அளவு சொல்லுங்க.

தென்காசிக்காரன்

அளந்தேன் அண்ணாச்சி. எஞ்சின் புல்லி 14 இஞ்ச், ரம்பப் புல்லி 12 இஞ்ச். எஞ்சின் தகட்டுல 850 சுத்துன்னு இருக்கு.

வாள்காரர்மகன்

850ஐ 14ஆல பெருக்கி 12ஆல வகுத்தா 990 சொச்சம். 30 இஞ்ச் வாளோட சுத்தளவு எட்டடிக்குக் கொஞ்சம் குறைவு. அப்ப பல்லு நிமிஷத்துக்கு 7,800 அடி போகுது. நல்ல வேகம். தாத்தா தெரிஞ்சுதான் மாட்டியிருக்கார்.

மணி அண்ணனுக்கு ஒரு கேள்வி. உங்க மோட்டார் 1,440 சுத்து. அதே 14 இஞ்ச் புல்லியை அதுல மாட்டினா என்ன ஆகும்?

மோட்டார்மணி

1,680 சுத்து. நிமிஷத்துக்கு 13,000 அடிக்கு மேல. பிளேடு கொட்டகையை விட்டுப் பறந்துடும். அதுக்குத்தான் புல்லி மாத்துறது, எட்டேகால் இஞ்ச் போட்டா அதே 990 வரும். மோட்டார் போடச் சொன்னேன், கண்ணை மூடிட்டுப் போடச் சொல்லலையே.

வாள்காரர்மகன்

அப்படிப் போட்டா எனக்கு ஆட்சேபம் இல்லை. புல்லியை மாத்தாம மோட்டார் வச்சு, வாள் வெடிச்சுக் கூரையைக் கிழிச்ச மில் ஒண்ணை நான் நேர்ல பாத்திருக்கேன். அதான் கேட்டேன்.

பனைவடலி

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதிறன். வாசிக்க ஆசையாக் கிடக்கு. எங்கட அப்பப்பா காலத்தில மில் இல்லை, குழியரிவுதான். மரத்தைக் குழிக்கு மேல குறுக்கா ஏத்தி, கரிநூல் அடிச்சு, மேல ஒருத்தர் கீழ ஒருத்தர் நிண்டு அரிவினம். கீழ நிக்கிறவருக்கு முகமெல்லாம் தூள். கோடு பிடிக்கிறவர் மேல நிக்கிறவர், அவருக்குத்தான் கூலி கூட.

தம்பிக்கு ஒண்டு சொல்லவேணும். ஆசையில பனையையோ தென்னையையோ அந்த வட்ட வாளில வைச்சிடாதேங்கோ. வெளிப்பக்கத்து வைரத்தில நார் இரும்பு மாதிரி, சாதாரணப் பல் கொஞ்ச நேரத்தில மழுங்கிப் போகும். அதுக்குக் கார்பைட் முனை வைச்ச வாள் வேணும். எங்கட ஆக்கள் பனையைப் பிளந்து கோடாலியாலயும் வாச்சியாலயும் செதுக்கித்தான் வளையும் சிலாகையும் எடுத்தவை. அதுவும் முத்தின பெண்பனையில.

கோவை_லேத்

எஞ்சினையும் கொஞ்சம் பார்த்துடுவோம். 16 குதிரை, 850 சுத்து, ரெட்டை சிலிண்டர்னா அது லிஸ்டர் ஜாதி. இங்கிலாந்து டர்ஸ்லியில 1930 வாக்குல பிறந்த வடிவம், நம்ம ராஜ்கோட்டுல இன்னைக்கும் அச்சு அசலா வார்க்கிறாங்க. உதிரிபாகம் கிடைக்கிறது கஷ்டமே இல்லை. அதனாலேயே எடைக்குப் போடாதீங்கன்னு சொல்றேன்.

பழைய டீசலை முழுசா இறக்குங்க, டேங்க் அடியில வண்டல் இருக்கும். எண்ணெய் மாத்துங்க. தண்ணித் தொட்டியில இருந்து வர்ற குழாய்ல துரு அடைச்சிருக்கான்னு ஊதிப் பாருங்க. அதுல பம்ப் கிடையாது, சூட்டுக்குத் தானா மேல ஏறி இறங்குற தண்ணி, பாதி அடைச்சாலே சுத்தம். முதல் ஓட்டத்துக்கு பெல்ட்டைக் கண்டிப்பா கழட்டிடுங்க. இவ்வளவு நாள் நின்ன எஞ்சின்ல கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்துற பாகம்) ஒட்டிக்கிட்டு இருந்தா வேகம் கட்டுக்கடங்காம ஏறும். காத்துக் குழாய் வாயை அடைக்க ஒரு பலகைத் துண்டைக் கையில வச்சுக்கிட்டு நில்லுங்க. ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலை மத்த விரலோட அதே பக்கம் வைங்க, பின்னால உதைச்சா விரல் தப்பும்.

பெல்ட்டைப் பத்தி ஒரு வார்த்தை. வழுக்குதுன்னு குங்கிலியப் பொடி தூவுற பழக்கம் இருக்கு. அந்த நேரத்துக்குப் பிடிக்கும், பிறகு கண்ணாடி மாதிரி ஆகி இன்னும் வழுக்கும். தோல் பெல்ட்டா இருந்தா விளக்கெண்ணெய் தடவி ஊற விடுங்க. இழுக்கிற பக்கம் கீழேயும் தொய்யிற பக்கம் மேலேயும் வர்ற மாதிரி அமைச்சா புல்லியை அதிகமா அணைச்சுப் பிடிக்கும்.

ஒன்டாரியோ_மாப்பிள்ளை

இங்கே கனடாவில் கோடைக்கால விவசாயக் கண்காட்சிகளில் நீராவி எஞ்சின் வைத்து இந்த வட்ட ரம்பத்தைத்தான் ஓட்டிக் காட்டுவார்கள். அவற்றில் பல் தனியாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கும். மழுங்கினால் பல்லை மட்டும் மாற்றிவிடலாம், வாள் விட்டம் குறையாது. 1860களிலேயே கலிபோர்னியாவில் வந்துவிட்ட உத்தி அது. உங்களுடையது தகட்டிலேயே வெட்டின பல் என்றால், சாணை பிடிக்கப் பிடிக்கச் சின்னதாகும்.

எல்லா இடத்திலும் நான் பார்த்த ஒன்று, ரம்பத்துக்கு நேர் பின்னால் மேசையில் ஒரு தகடு செங்குத்தாக நிற்கும். அறுத்த பிளவு திரும்ப மூடிக்கொண்டு வாளின் பின்பக்கத்தைக் கவ்வாமல் அது பிரித்து வைக்கும். அது இல்லாமல், கவ்வின பலகை வண்டிக்காரர் மேல் ஈட்டி போல வரும். உங்கள் தாத்தா மேசையில் இருக்கிறதா?

தென்காசிக்காரன்

இல்லையே. அந்த இடத்துல ரெண்டு போல்ட் ஓட்டை மட்டும் இருக்கு.

வாள்காரர்மகன்

அப்ப இருந்திருக்கு, யாரோ கழட்டியிருக்காங்க. "இடைஞ்சல்"னு எல்லா மில்லுலயும் கழட்டுவாங்க. கொல்லன் பட்டறையில புதுசா அடிக்கச் சொல்லுங்க. கனம் வாள் தகட்டை விடக் கூடுதலா, அறுப்பு வாயை விடக் கொஞ்சம் குறைவா. பல்லுக்குப் பின்னால அரை இஞ்ச் தள்ளி நிக்கணும். இது இல்லாம ஓட்டாதீங்க, அவ்வளவுதான்.

வண்டித் தண்டவாளம் வாளுக்கு இணையா இருக்கான்னும் பாருங்க. முழு இணையும் கூடாது. 20 அடி நீளத்துக்கு அரைக்கால் இஞ்ச் (எட்டுல ஒரு பங்கு) வாளின் முன்பக்கம் மரத்தை நோக்கிச் சாஞ்சிருக்கணும். அறுத்த பிறகு பின்பக்கப் பல் மரத்தை உரசாம இருக்க அந்த இடம் வேணும்.

தென்காசிக்காரன்

ரொம்ப நாளா பதில் போடலை, மன்னிக்கணும். உரிமப் பெயர் மாற்றம் வந்தாச்சு. ஒரு பக்கத்து ஒயிட்மெட்டல் பிரிஞ்சிருந்தது, லேத் அண்ணன் சொன்ன மாதிரி விளக்குப் புகை காட்டி வார்த்தோம். குச்சி சோதனை அப்படியே வேலை செஞ்சுது. எஞ்சின் ஓடுது. முதல் புகையில பக்கத்து வீட்டு மாமி "யார் வீட்ல தீ"ன்னு ஓடி வந்தாங்க.

வாளை புனலூர் பக்கம் இருக்கிற வயசான ஆசாரி ஒருத்தர்கிட்ட கொண்டு போனோம். அவர் முதல்ல கேட்டதும் "எத்ர சுற்று?"தான்! பட்டடைக்கல்லு மேல வாளைப் போட்டு, உருண்டை முகச் சுத்தியால அடிப்பார், கோல் வைப்பார், சாக்பீஸ்ல வட்டம் போடுவார், திருப்பிப் போட்டு மறுபக்கம் அதே இடத்துல அடிப்பார். கண்ணுக்கு ஒண்ணுமே மாறின மாதிரி தெரியலை. கடைசியில கோல் வச்சுக் காட்டினப்போ சுத்திலும் ஒரே அளவு வெளிச்சம்.

போன வாரம் சின்னப் பலாவை வச்சோம். முதல் சிலாம்பு (பட்டையோட வர்ற வெளிப்பலகை) எடுத்ததும் உள்ள மஞ்சள்னா அப்படி ஒரு மஞ்சள். பலகை ஒன்பதடி நீளம், ரெண்டு நுனியிலயும் நடுவுலயும் கனம் அளந்து பார்த்தோம், ஒண்ணாதான் இருக்கு. ஆனா கொஞ்ச நேரம் ஓடினதும் வாளோட ஓரம் கை வைக்க முடியாத சூடு. எஞ்சினை நிறுத்திட்டுத்தான் தொட்டேன், திட்டாதீங்க.

வாள்காரர்மகன்

நடு சூடானா பேரிங்கையும் காலரையும் (வாளைத் தண்டோட இறுக்கிப் பிடிக்கிற தட்டு) பாக்கணும். ஓரம் மட்டும் சூடுன்னா பல்லுதான். தூள் எப்படி விழுந்துது, அவல் மாதிரியா மாவு மாதிரியா?

தென்காசிக்காரன்

முதல்ல அவல். பிறகு மாவு.

வாள்காரர்மகன்

பல் மழுங்கிட்டுது, இல்லேன்னா செட் (பல் நுனியோட பக்கவாட்டு வளைவு) குறைவு. பலா பால் மரம், ஈரப் பலான்னா பிசின் பல்லுல அப்பிக்கும். மண்ணெண்ணெய் துணியால துடைச்சுட்டு, அரம் போட்டு, ஒண்ணுவிட்டு ஒரு பல்லை இந்தப் பக்கம் அரை மில்லி, அந்தப் பக்கம் அரை மில்லி வளைச்சு விடுங்க. நுனியை மட்டும் வளைக்கணும், அடியோட இல்லை. பல் இடுக்கு மூலை கூர்மையா இருக்கக் கூடாது, வட்ட அரத்தால உருட்டி விடுங்க. வெடிப்பு எப்பவும் அந்த மூலையிலதான் தொடங்கும்.

பனைவடலி

அந்த மஞ்சள் தூளை எறியாதேங்கோ. பலா வைரத்தை அவிச்சுத்தான் பிக்குமாருக்குக் காவி சாயம் போட்டவை.

கோவை_லேத்

தூள்னதும் ஞாபகம் வருது. மூக்குல துணி கட்டாம நிக்காதீங்க. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995லயே முதல் பட்டியல்ல சேத்துருச்சு. மேசைக்குக் கீழ தூள் குழியையும் தினம் காலி பண்ணுங்க. குழி நிறைஞ்சா வாள் தூளுக்குள்ள சுத்திச் சூடாகும், தீயும் பிடிக்கும்.

தென்காசிக்காரன்

செட் வச்சாச்சு, சூடு போயிடுச்சு. பலகையை எப்படி அடுக்கறது? இங்க சாரல் தொடங்கிட்டுது.

வாள்காரர்மகன்

தரையில இருந்து ஒன்றரை அடி உயரத்துல, கொட்டகைக்குள்ள. ஒவ்வொரு வரிசைக்கும் நடுவுல ஒரு இஞ்ச் ரீப்பர் ரெண்டடிக்கு ஒண்ணு. ரீப்பர் எல்லாம் மேலிருந்து கீழ வரை ஒரே நேர்ல நிக்கணும், இல்லேன்னா பலகை அலையும். நுனி ரெண்டுலயும் பெயிண்ட் அடிங்க, சாணம் மெழுகினாலும் சரி. வெடிப்பு நுனியில இருந்துதான் வரும். ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு வருஷம்னு வச்சுக்குங்க. அவசரப்பட்டுக் கதவு போட்டா அடுத்த கோடையில கதவு சாத்தாது.

தென்காசிக்காரன்

சரி அண்ணாச்சி. இன்னொரு சிக்கல். சத்தம் கேட்டு ஊர்ல நாலு பேர் வந்துட்டாங்க, "எங்க மரத்தையும் அறுத்துக் கொடு"ன்னு. உரிமம் இருக்கிறதால சட்டச் சிக்கல் இல்லைன்னு சித்தப்பா சொல்றார். கூலி எப்படி வாங்குறது? மணிக்கணக்கா, கன அடியா?

ஓய்வுபெற்றவன்

கன அடி. ஆனால் எந்தக் கன அடி என்று முன்பே பேசிவிடுங்கள். நம் பக்கம் சுற்றளவை நாலால் வகுத்து, அதையே அதனால் பெருக்கி, நீளத்தால் பெருக்கும் கணக்கு. 48 இஞ்ச் சுற்றளவு, 10 அடி நீளம் என்றால் 12ஐ 12ஆல் பெருக்கி, 10ஆல் பெருக்கி, 144ஆல் வகுத்தால் 10 கன அடி. உண்மையில் அந்தக் கட்டையில் 12.7 கன அடி மரம் இருக்கிறது. சிலாம்பும் தூளும் போகட்டும் என்று விட்ட கழிவு அது. 1736இல் ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் அச்சிட்ட அளவை, நம் மரக்கடையில் இன்னும் ஓடுகிறது. வந்த மரம் ஒவ்வொன்றையும், யாருடையது என்பதோடு, பதிவேட்டில் எழுதுங்கள். சோதனைக்கு வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

தென்காசிக்காரன்

நன்றி ஐயா. அதுல ஒருத்தர் ரோட்டோரப் புளியமரம் ஒண்ணு ஏலத்துல எடுத்திருக்கார். நல்ல வைரம், அறுக்கலாமா?

வாள்காரர்மகன்

ரோட்டோர மரமா? வேண்டவே வேண்டாம். தட்டி கட்டின ஆணி, போஸ்டர் ஆணி, மைல்கல் நம்பர் தகடு, எல்லாம் உள்ள போய் மேல மரம் மூடியிருக்கும். வெட்டு முகத்துல கருநீலக் கறை தெரியுதான்னு பாருங்க, கறைக்குப் பின்னால இரும்பு இருக்கும். கறை இல்லேன்னாலும் நம்பாதீங்க, ஆணி நடு நீளத்துல இருந்தா வெட்டு முகத்துல தெரியாது. ஒரு ஆணி போதும், ஆசாரி அடிச்சுக் கொடுத்த வேலை அத்தனையும் போச்சு.

தென்காசிக்காரன்

கறை இருக்கு அண்ணாச்சி, ரெண்டு நுனியிலயும். முடியாதுன்னு சொல்லிட்டேன். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார். அவர் மச்சான் மாமரம் மட்டும் நாளைக்கு வருது.